ஒத்தச் சக்கர சைக்கிள்: 20 இஞ்ச் பழகியாச்சு, அடுத்து எந்த வீல்?

பெருமாள்புரத்தான்
ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசியில 20 இஞ்ச் ஒத்தச் சக்கர சைக்கிள் ஒண்ணு வாங்கினேன். கிராங்க் (பெடலை மாட்டுற தண்டு) 125 மி.மீ. விடியக்காலம் ஆள் வாறதுக்கு முன்னால வ.உ.சி. மைதானத்துக்குப் போய்ப் பழகினேன். ஆறு வாரம் விழுந்து எழுந்ததுதான் மிச்சம். ஏழாவது வாரம் ஒரு நாள் முப்பதடி போயிட்டேன். அதுக்குப் பெறகு உடம்பு பிடிச்சுக்கிட்டது. இப்ப பிடிமானம் இல்லாம ஏறுதேன், ரோட்டுல ஓட்டுதேன், ஓரளவுக்குத் திரும்பவும் செய்யுதேன்.

ஆபீசுக்கே இதுல போகணும்னு ஆசை. வீட்டுல இருந்து வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சுலோச்சன முதலியார் பாலம், ஜங்ஷன், ஈரடுக்கு மேம்பாலம் தாண்டிப் போகணும். ஆறு கிலோமீட்டர் சொச்சம் வரும். ரெண்டு ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தேன், முக்கால் மணி நேரம் ஆகுது. கால் தையல் மிஷின் மாதிரி அடிக்குது, வண்டி அந்த அளவுக்கு நகர மாட்டேங்குது.

24, 26, 29, 36ன்னு என்னென்னமோ இருக்கு. எதை வாங்க? ஒரு தடவைதான் வாங்க முடியும், அதான் கேக்கேன். இன்னொண்ணு: மகளுக்கு எட்டு வயசு, அவளும் பழகணும்னு நிக்கா. என் 20 இஞ்சையே சீட்டை இறக்கிக் கொடுக்கலாமா?

அம்பை வயக்காட்டான்
ஞாயிறு, இரவு 10.05

தம்பி, ஆறு வாரம் விட்டுக்கொடுக்காம நின்னீங்க பாருங்க, அதுக்கு முதல்ல ஒரு சபாஷ்.

சாதா சைக்கிள்ல செயின் இருக்கு. முன்னால பெரிய பல்சக்கரம், பின்னால சின்னது. ஒரு மிதிக்குப் பின் வீல் ரெண்டு, மூணு சுத்து சுத்தும். நம்ம வண்டியில கிராங்க் நேரா ஹப்போட, அதாவது வீலோட நடு உருளையோட, சேந்திருக்கு. ஒரு மிதிக்கு ஒரே சுத்து. அதனால வீல் சைஸ்தான் கியர், வேற கியர் கிடையாது. ஃப்ரீவீலும் இல்லாததால, வீல் சுத்துதவரைக்கும் காலும் சுத்தியாகணும்.

20 இஞ்ச் ஒரு சுத்துக்கு 1.6 மீட்டர் போகும். 24 இஞ்ச் 1.9, 26 இஞ்ச் 2.07, 29 இஞ்ச் 2.3, 36 இஞ்ச் 2.87. உங்க ஆறு கிலோமீட்டருக்கு 20ல கிட்டத்தட்ட 3,760 மிதி. 26ல 2,900, 29ல 2,600, 36ல 2,090. நிமிசத்துக்கு 90 சுத்துன்னு வச்சுக்கிட்டா 20ல மணிக்கு எட்டரை கிலோமீட்டர், 26ல 11, 29ல பன்னெண்டரை, 36ல பதினஞ்சரை.

நான் பாபநாசம் பக்கம் வயல் ஓரத்து ரோட்டுல 29 ஓட்டுதேன், நாலு வருசமாச்சு. என்னைக் கேட்டா 29தான். 24 வாங்காதீங்க. 20க்கும் அதுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், ஆறு மாசத்துல மறுபடியும் இங்கன வந்து இதே கேள்வியைக் கேப்பீங்க.

வள்ளியூர் காத்தாடி
திங்கள், காலை 6.40

அண்ணாச்சி சொன்னதை மதிக்கேன், ஆனா போறதுன்னு ஆயிட்டா 36தான். ஏறி உட்கார்ந்தா கார் கூரைக்கு மேல நம்ம கண்ணு இருக்கும். ஒரு தடவை வேகம் பிடிச்சுட்டா வீலோட கனமே நம்மளை இழுத்துக்கிட்டுப் போகும். சின்னக் குழி, ஜல்லி, வேகத்தடை எதுவும் தெரியாது. இதே 20ல ஒரு கோலிகுண்டு அளவு ஜல்லி முன்னால வந்தா போதும், வீல் அங்கனயே நின்னு நம்ம மட்டும் முன்னால போவோம்.

இங்கிலாந்துல இருந்து எட் பிராட்னு ஒரு பையன் 36 இஞ்ச்ல உலகத்தையே சுத்தி வந்தான். 2015ல கிளம்பி 2018ல வீடு சேந்தான். மூணு வருசம், மூட்டை முடிச்சோட, ஒரே வீல்ல. தூரம் போறதுக்குன்னே இருக்கிற வீல் அது. நான்குநேரி பக்கம் நாலுவழிச் சாலை சர்வீஸ் ரோட்டுல காலையில நான் போறப்ப எனக்கு வர்ற சந்தோசத்தை எழுதிக் காட்ட முடியாது.

அம்பை வயக்காட்டான்
திங்கள், காலை 7.15

உங்க ரோடு வேற, அவர் ரோடு வேற தம்பி. சர்வீஸ் ரோட்டுல ஏறினா இறங்க வேண்டாம். வண்ணார்பேட்டையில பஸ் குறுக்கே வரும், ஆட்டோ சடார்னு நிக்கும், மாடு படுத்திருக்கும். ஒவ்வொரு தடவை நின்னாலும் இறங்கி மறுபடி ஏறணும். 36ல நடுரோட்டுல ஏறுறது எவ்வளவு நாள் பழக்கம்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் காத்து. ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து உங்க பக்கம், செங்கோட்டைக் கணவாய்க் காத்து எங்க பக்கம். அம்மியே பறக்கும்னு சொல்லுத மாசத்துல, ஒரு லாரி காத்தை மறைச்சுட்டுக் கடந்து போனதும் அடிக்குத அடி இருக்கே, 29லயே நான் வாய்க்கால் பக்கம் சாஞ்சிருக்கேன். உயரம் கூடக்கூட அது கூடத்தான் செய்யும்.

வள்ளியூர் காத்தாடி
திங்கள், காலை 7.31

காத்து விசயம் உண்மைதான். ஆடியில நான் பணகுடி பக்கமே போறதில்ல. காத்தாலை சுத்துத வேகத்தைப் பார்த்துட்டு வீட்டுக்குத் திரும்பிருவேன்.

பாளை பி.டி. டீச்சர்
திங்கள், மாலை 5.50

எல்லாரும் ரோட்டைப் பத்தியே பேசுறீங்க, அவர் கால் நீளத்தை இன்னும் ஒருத்தரும் கேக்கல.

தம்பி, செருப்பைக் கழத்திட்டு சுவர்ல முதுகை ஒட்டி நில்லுங்க. ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சு, சீட்டுல உட்கார்ந்தா எப்படி அழுந்துமோ அப்படி மேல தள்ளிப் பிடிங்க. புத்தகத்தோட மேல் விளிம்பு சுவரைத் தொடுற இடத்துல வீட்டுக்காரம்மாவை பென்சில்ல ஒரு கோடு போடச் சொல்லுங்க. தரையில இருந்து கோடு வரைக்கும் டேப் வச்சு அளந்தா அதுதான் உங்க கால் அளவு. பேண்ட் நீளத்தைச் சொல்லாதீங்க, அது சரி வராது.

கணக்கு இதுதான். வீல்ல பாதி, அதோட கிராங்க் நீளம், அதோட டயருக்கு மேல ஃபோர்க், கிளாம்ப், சீட் எல்லாம் சேத்து ஒரு 22ல இருந்து 25 செ.மீ. இந்த மூணும் கூட்டி வர்றது உங்க கால் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டிச்சுன்னா சீட்டை எவ்வளவு இறக்கினாலும் பெடல் கீழ போறப்ப கால் எட்டாது, இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடும்.

மகளையும் அதே மாதிரி அளந்து சொல்லுங்க. அது வரைக்கும் 20ல ஏத்தாதீங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் முன்னால வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வளர்ந்தாலும் ஆகும்னு ஆறு வண்டியும் 24 இஞ்சாவே வாங்கிப் போட்டாங்க. நான் சொல்லிப் பார்த்தேன், கேக்கல. ஆறாம் வகுப்புப் பிள்ளை சீட்டுல உட்கார முடியாம பெடல் மேலயே நிக்கும். உடம்புப் பாரம் சீட்டுல இறங்கணும், பெடல்ல இருந்தா அடுத்த சுத்துக்குக் கால் எழும்பாது. நல்லாப் பழகியிருக்க வேண்டிய ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, எங்களுக்கு வராது டீச்சர்னு சொல்லி ஒதுங்கிட்டாங்க. அந்தப் பிள்ளைங்க முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. சட்டையை வளர வாங்கலாம், இதை வாங்கக் கூடாது.

பெருமாள்புரத்தான்
திங்கள், இரவு 8.30

அளந்தாச்சு டீச்சர். எனக்கு 76 செ.மீ. மகளுக்கு 56.

என் கணக்கு: 36 இஞ்ச்ல பாதி 46, கிராங்க் 12.5, மேல 22. மொத்தம் எண்பதரை. அப்ப 36 எனக்கு எட்டவே எட்டாது. 29ல பாதி 37, கிராங்க் 15, மேல 22. மொத்தம் 74, சீட் கொஞ்சம் தடிமனா இருந்தா 77. 26ல 33, 15, 22. மொத்தம் 70, அதிகமாப் போனா 73.

மகளுக்கு 20ன்னா எப்படிக் கூட்டினாலும் 59 தாண்டுது. 16 இஞ்ச்ல, பத்து செ.மீ. கிராங்க் போட்டா 52ல இருந்து 55க்குள்ள வருது.

பாளை பி.டி. டீச்சர்
திங்கள், இரவு 8.52

சரியாப் போட்டிருக்கீங்க. மகளுக்கு 16. ஒரு ரெண்டு வருசத்துல அது பத்தாமப் போகும், போகட்டும். 16ல பழகின பிள்ளை 20ல ஏறினா ஒரே நாள்ல ஓட்டும். சீட் உயரம்: பெடல் அடியில இருக்கப்ப குதிகாலை அதுல வச்சா முழங்கால் நீட்டி நிக்கணும், பாதத்தோட முன்பக்கத்தை வச்சா லேசா மடங்கணும். முதல்ல கொஞ்ச நாள் ரெண்டு பக்கமும் பெரியவங்க கை கொடுங்க. கையைப் பிள்ளைதான் பிடிக்கணும், நீங்க பிள்ளையைப் பிடிக்கக் கூடாது.

வள்ளியூர் காத்தாடி
திங்கள், இரவு 9.20

76ன்னா 36 வேண்டாம் அண்ணே. நான் ஆறடி, என் கணக்கை உங்களுக்குச் சொல்லிட்டேன். தடிச்ச ஷூ போட்டா ரெண்டு செ.மீ. கிடைக்கும், ஆனா அதை நம்பி இவ்வளவு பணம் போடக் கூடாது.

சேரன்மாதேவி சைக்கிள் கடை
செவ்வாய், காலை 11.10

கடையை மகன்கிட்ட கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன், நாப்பது வருசம் பஞ்சர் ஒட்டின கை. டயரைப் பத்தி நான் சொல்லாட்டா வேற யாரும் சொல்ல மாட்டாங்க போல இருக்கு.

வண்டி எந்த சைஸ் வாங்கினாலும் டயர் ஒரு நாள் தேயும். நம்ம வண்டியில அது ஒரு இடத்துலயே சீக்கிரம் தேயும், ஏன்னா கால் எப்பவும் அதே நிலையிலதான் அமுக்கும், அதே நிலையிலதான் தடுக்கும். தேஞ்சா எங்கன வாங்குவீங்க? அதை யோசிச்சு சைஸை முடிவு பண்ணணும்.

இஞ்ச் கணக்கை நம்பாதீங்க. டயர் பக்கவாட்டுல தூசியைக் கட்டை விரலால தேச்சுப் பாருங்க, சின்ன எழுத்துல ரெண்டு நம்பர் இருக்கும். 40-635ன்னு இருந்தா 40 டயர் அகலம், 635 ரிம் குறுக்களவு, ரெண்டும் மி.மீ. நம்ம ஊர்ல பால்காரர் ஓட்டுற பெரிய சைக்கிளோட 28 இஞ்ச் டயர் 635. நீங்க சொல்லுத 29 இஞ்ச் ரிம் 622. பேர்ல 28 சின்னது, 29 பெரிசு. ரிம்ல பார்த்தா 28தான் பெரிசு!

இது தெரியாம என் கடையிலயே நடந்தது. ஒரு காலேஜ் பையன் 29 இஞ்ச் ஒத்த வீல் கொண்டுவந்தான், டயர் கிழிஞ்சு போச்சு. நான் சாப்பிடப் போயிருந்தேன். கடைப் பையன் 28 டயரை எடுத்து மாட்டியிருக்கான். லிவரே போடாம கையாலயே உள்ள போயிருக்கு. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். காத்து அடிச்சா ஒரு பக்கம் டயர் ரிம்மை விட்டு ஏறி, டியூப் பலூன் மாதிரி வெளிய வந்து வெடிச்சது. நான் இலையில இருந்து எழுந்து ஓடி வந்தேன். பையன் காது ரெண்டு நாள் கேக்கல. ரோட்டுல ஓட்டுறப்ப வெடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் நினைச்சுப் பாக்கேன்.

26லயும் இதே கதைதான். மலை சைக்கிள்னு பையங்க ஓட்டுற தடிச்ச டயர் 26க்கு ரிம் 559. லேடீஸ் சைக்கிள் 26 x 1 3/8க்கு ரிம் 590. ஒண்ணு மாத்தி ஒண்ணு ஏறாது. ஆனா 559 டயர் எந்த ஊர்க் கடையிலயும் தொங்கும். டியூபும் அப்படித்தான். 36 இஞ்ச் ரிம் 787. அந்த டயரை நான் கையால தொட்டதே ரெண்டு தடவைதான். கேள்வி கேட்டவர் தினமும் வேலைக்குப் போகப் போறார். பஞ்சரானா அன்னைக்கே சரியாகணும். அதனால 26, 559 ரிம். என் வார்த்தை இதுதான்.

குத்தாலத்துக் குதி
செவ்வாய், மதியம் 1.25

அண்ணாச்சி சொன்ன டயர் விசயத்துல ஒண்ணு சேத்துக்கிடுதேன். பாறை, படின்னு குதிக்கிறதுக்குன்னு விக்கிற வண்டியை 19ன்னும் சொல்லுவாங்க, 20ன்னும் சொல்லுவாங்க. அதோட ரிம் 387. சாதா 20 இஞ்ச் ரிம் 406. என்கிட்ட இருக்கிறது 387, டயர் ரெண்டரை இஞ்ச் தடிமன், காத்து கம்மியா வச்சு ஓட்டுதேன். ஆபீஸ் போக அது ஆகாது.

பெருமாள்புரத்தான்
செவ்வாய், இரவு 9.40

அண்ணாச்சி, படிச்சுட்டு உடனே போய் என் டயரைத் தேச்சுப் பார்த்தேன். 47-406ன்னு இருக்கு. இத்தனை நாள் கண்ணுல படவே இல்ல.

ஒரு சந்தேகம். இதே 20 இஞ்ச்ல கிராங்கை மட்டும் 100 ஆக்கினா வேகம் வராதா? செலவும் கம்மி.

அம்பை வயக்காட்டான்
செவ்வாய், இரவு 10.20

வரும், ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு வராது. கிராங்க் குட்டையானா கால் போடுற வட்டம் சின்னதாகும், அதனால வேகமாச் சுத்த முடியும். ஒரு சுத்துக்குப் போற தூரம் மட்டும் அதே 1.6 மீட்டர்தான்.

கிராங்கை நெம்புகோலா நினைச்சுக்கோங்க. கிராங்க் நீளத்தை வீல்ல பாதியால வகுத்தா ஒரு நம்பர் கிடைக்கும். உங்க 20, 125க்கு 0.49. நல்ல பிடி, ஏத்தம் ஏறும், தடுக்கிறதும் சுலபம். 26ல 150 போட்டா 0.45. கிட்டத்தட்ட உங்களுக்குப் பழக்கமான பிடிதான். 26ல 125ன்னா 0.38, 29ல 150ன்னா 0.41, 36ல 150ன்னாலும் 0.33தான். நம்பர் குறையக் குறைய சமதளத்துல ஓட்டம் வழுவழுன்னு போகும். ஏத்தத்துல மூச்சு வாங்கும், இறக்கத்துல வீலை அடக்கக் காலுக்கு வலு பத்தாது.

மேம்பாலத்துல ஏறுறதை விட இறங்குறதுலதான் கவனம் வேணும். பிரேக் இல்லாத வண்டியில முழுத் தடுப்பும் முழங்கால்லதான் விழும். பின்னோக்கி அழுத்திக்கிட்டே பைய இறங்கணும். அதனால ரெண்டு துளை உள்ள கிராங்க் கிடைச்சா விடாதீங்க. 150ம் 125ம் ஒரே கிராங்க்ல இருக்கும். முதல் ரெண்டு மாசம் 150 துளையில பெடலை மாட்டி ஓட்டுங்க, கால் பழகினதும் 125க்கு மாத்துங்க. வண்டியை மாத்தாமலே கியரை மாத்துன மாதிரி.

நெல்லை டவுன் பந்தயம்
புதன், காலை 8.05

24 இஞ்சை எல்லாரும் ஒதுக்கிட்டீங்க, அதுக்கும் ஒரு இடம் இருக்கு. சர்வதேச டிராக் பந்தயத்துல 24க்குன்னு தனிப் பிரிவே உண்டு. டயரோட வெளிக் குறுக்களவு 618 மி.மீ. தாண்டக் கூடாது, கிராங்க் 125க்குக் குறையக் கூடாது. எல்லாரும் ஒரே கியர்ல ஓடணும், கால் வலுதான் முடிவு பண்ணணும்னு அந்த விதி. பந்தயம் ஓட நினைக்கிற பிள்ளைங்க 24 வாங்கலாம்.

ஹப்புக்குள்ளயே கியர் வச்சதும் இருக்கு. குதிகாலால பொத்தானை அமுக்கினா ஒரு மிதிக்கு வீல் ஒன்றரை சுத்து. ஒரு ஹப் விலையில மூணு வண்டி வாங்கலாம், அதனால அதுக்குள்ள போகல.

சேரன்மாதேவி சைக்கிள் கடை
புதன், காலை 10.30

பந்தயத் தம்பி சொன்னதும் ஞாபகம் வந்தது. 1870, 80கள்ல முன்னால ஆள் உயர வீலும் பின்னால சுண்டு வீலும் வச்ச சைக்கிள் ஒண்ணு இருந்தது, படத்துல பார்த்திருப்பீங்க. அதுலயும் பெடல் நேரா வீல்லதான். வேகம் வேணும்னா வீலைப் பெரிசாக்கணும், கால் எட்டுற அளவுதான் எல்லை. டீச்சர் போட்ட அதே கணக்கை அன்னைக்கு வெள்ளைக்காரனும் போட்டிருக்கான். 1885ல செயின் வச்ச ரோவர்னு ஒரு சைக்கிள் வந்த பெறகுதான் வீல் சின்னதாச்சு. நம்ம வண்டிக்கு செயின் வரல, அதனால அந்தக் கணக்கு நமக்கு இன்னும் முடியல.

அம்பை வயக்காட்டான்
வெள்ளி, இரவு 7.00

பெருமாள்புரத்துத் தம்பி, எழுதி எழுதிப் பேசுறதை விட ஓட்டிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு அம்பைக்கு வாங்க. என் 29 இருக்கு, என் மச்சான்கிட்ட 26 இருக்கு. ரெண்டையும் ஓட்டிட்டு முடிவு பண்ணுங்க. சாப்பாடு நம்ம வீட்டுல.

பெருமாள்புரத்தான்
ஞாயிறு, இரவு 8.45

போயிட்டு வந்தேன். அண்ணாச்சிக்கும் மதினிக்கும் ரொம்ப நன்றி, சொதி சாப்பாடு மறக்காது.

முதல்ல 29. ஏறவே எட்டு தடவை ஆச்சு. ஏறின பெறகு முதல் அரைச் சுத்து நகர மாட்டேங்குது, கனமான கதவைத் தள்ளுத மாதிரி. நகர்ந்துட்டா, அடடா! ரெண்டு பக்கமும் நாத்து, வாய்க்கால்ல தண்ணி ஓடுத சத்தம், கால் பைய சுத்துது, ரோடு பின்னால ஓடுது. இத்தனை மாசத்துல முதல் தடவையா இது ஒரு வண்டி, இதுல ஒரு இடத்துக்குப் போகலாம்னு தோணிச்சு. ஆனா நிறுத்தணும்னா பத்து பதினஞ்சடி முன்னாலயே நினைக்கணும். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது, நான் இறங்கி ஓடிட்டேன், வண்டி வரப்புல போய் விழுந்தது. வண்டிக்கும் ஆட்டுக்கும் ஒண்ணும் ஆகல.

பெறகு 26, 150 கிராங்க். மூணாவது தடவையிலயே ஏறிட்டேன். வேகம் 29 அளவுக்கு இல்ல, உண்மை. ஆனா நின்னு, இறங்கி, மறுபடி ஏறி, திரும்பி, எல்லாம் என் கைக்குள்ள இருந்தது. அண்ணாச்சி வாசல்ல இருந்து கடைத்தெரு வரைக்கும் சனத்துக்குள்ள ஓட்டிப் பார்த்தேன், ரெண்டு இடத்துலதான் இறங்கினேன்.

ஒண்ணு கவனிச்சேன். ரோடு நடுவுல உயர்ந்து ஓரத்துல சரியுது இல்லையா, அந்தச் சரிவுல தடிச்ச டயர் பள்ளத்துப் பக்கமே இழுக்குது. இடுப்பைத் திருப்பித் திருப்பி இழுத்துப் பிடிச்சேன். வீட்டுக்கு வந்து பாத்தா வலது விலா நோவுது.

26தான், முடிவு பண்ணிட்டேன். ரிம் 559, ரெண்டு துளை கிராங்க்.

அம்பை வயக்காட்டான்
ஞாயிறு, இரவு 9.10

நான் 29 சொன்னவன். காலையில உங்க பின்னால நடந்து வந்து பார்த்த பெறகு நானும் 26ன்னுதான் சொல்லுதேன். அந்தச் சரிவு இழுக்குறதுக்கு காத்து கம்மியா இருந்ததும் ஒரு காரணம். மச்சான் வண்டி ரொம்ப நாளா நின்னது. 40 பி.எஸ்.ஐ. பக்கம் வச்சுப் பாருங்க, டயர்ல போட்டிருக்கிற அளவைத் தாண்டாதீங்க.

சேரன்மாதேவி சைக்கிள் கடை
திங்கள், காலை 9.00

வண்டி பெட்டியில வரும், நீங்கதான் மாட்டணும். கிராங்க்லயும் பெடல்லயும் எல், ஆர் எழுத்து இருக்கும். எல் இடது கால் பக்கம் வரணும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில வெட்டியிருக்கும். வீலை மாத்தி வச்சுட்டா ஓட்ட ஓட்டப் பெடல் தானே கழண்டு, கிராங்க் மரையைத் தின்னுரும், பெறகு புதுக் கிராங்க்தான். கையாலயே நாலு சுத்து போகணும், இறுகினா உடனே ஸ்பானர் எடுக்காதீங்க, திசை தப்புன்னு அர்த்தம். முதல் பத்து கிலோமீட்டர் ஓட்டினதும் கிராங்க் போல்ட்டை இன்னொரு தடவை முறுக்குங்க. சந்தேகம்னா கொண்டாங்க, மகன் மாட்டித் தருவான், காசு வேண்டாம்.

பெருமாள்புரத்தான்
திங்கள், இரவு 9.30

வண்டி வந்ததும் நேரா உங்க கடைக்குத்தான் கொண்டு வாறேன் அண்ணாச்சி. மகளுக்கு 16 இஞ்ச் பழைய வண்டி ஒண்ணு பாளையிலயே கிடைச்சது, டீச்சர் வந்து பார்த்துச் சரின்னு சொல்லிட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் என் விரலைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல மூணு சுத்து போனா. நாளைக்கு எத்தனைன்னு இப்பவே கேட்டுக்கிட்டுத் தூங்காம இருக்கா.